ஃபிட்டா இருக்கார்னு சொல்லிடு

பஸ் டெப்போக்காரர்கள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்வதில் நம்ம பாபினுக்கு என்ன கஷ்டம் இருக்கப் போகிறது என்று போன வாரம் வரை நானும் நினைத்தேன்.

வேறொரு ரூட்டில் ஒரு டிரைவருக்கு வண்டி ஓட்டும்போதே தலைசுற்றி, பஸ் நடைபாதையில் ஏறி நின்றது. உடனே எல்லா டிரைவர்களுக்கும் டாக்டர் பரிசோதனை என்று உத்தரவு போட்டார்கள். ரத்தம், கண், காது எல்லாம் வழக்கம்தான். புதிதாக ஒன்றையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு டிரைவரும் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வர வேண்டும். டாக்டர் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பார். தூக்கம் எப்படி, குடி உண்டா, மயக்கம் வருமா என்றெல்லாம். கூட இருப்பவர்களுக்குத் தெரிவது ரத்தப் பரிசோதனைக்குக்கூடத் தெரியாது என்று அந்த டாக்டர் நினைக்கிறார். விவரமான ஆள்தான்.

"என்னென்னமோ கேப்பாங்க. நீ பயப்படாத. ஃபிட்டா இருக்கார்னு சொல்லிடு, முடிஞ்சுது" என்றார் நம்ம டிரைவர். அவர் மனைவி பாபினும் சரியென்று தலையாட்டினாள். அத்துடன் போன வாரம் விட்டோம். நாளைக் காலை அந்தப் பரிசோதனை.

பாபின், தையல் மிஷினில் நூல் சுற்றுகிற அந்தக் குட்டி உருளை, அம்மா அப்பா வைத்த பேரில்லை. ஆள் குள்ளம், கொஞ்சம் உருண்டை. பேச ஆரம்பித்தால் நூல் தீரவே தீராது. ஆல்டரேஷன் கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பேர் அது. இப்போது வீட்டிலும் அதுதான்.

அந்த வார்த்தை அவளுக்குப் புதிதா என்ன. பிழைப்பே அதில்தான். "இடுப்புல ஃபிட்டா இல்ல", "தோள்ல ரொம்ப ஃபிட்டா இருக்கு", "எனக்கு ஃபிட்டா வேணும், ஆனா மூச்சும் விடணும்" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கடையில் அதே பேச்சு. மறைந்த மாமனார் குழாய் ஃபிட்டர். அவர் மாட்டிய குழாய்கள்தான் இன்னும் அந்த வீட்டில் சொட்டுகின்றன. நாத்தனார் சின்னவள் ஒரு ஜிம்மில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே 'இன்றே ஃபிட் ஆகுங்கள்' என்று பலகை. அவளோ மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களை டிரைவர் ஒரே வரியில் அனுப்பிவைத்தார். "நமக்கு ஃபிட் ஆகாது." ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வார்த்தையில் ஒரு சௌகரியம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இன்று காலை எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது ஒரு பட்டன்.

விடியற்காலை ஷிஃப்டுக்கு டிரைவர் கிளம்பிப் போய்விட்டார். அவருக்கு யூனிஃபார்ம் சட்டை மூன்று. ஒன்று உடம்பில், ஒன்று வீட்டில், நல்லதாக ஒன்று டெப்போ லாக்கரில். வீட்டில் இருந்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தபோது கழுத்துப் பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. யூனிஃபார்மைத் துவைப்பது, அயர்ன் பண்ணுவது எல்லாம் அவரேதான். "நீ நாளெல்லாம் துணியோட மாரடிக்கிற, வீட்டுலயும் வேணாம்" என்பார். எவ்வளவு கரிசனம் என்று அவளும் பெருமைப்பட்டிருக்கிறாள். ஆனால் பட்டன் தொங்கினால் பாபினுக்குக் கை சும்மா இருக்காது.

பட்டனைத் தைத்துவிட்டுச் சட்டையை மடித்தாள். இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தாள். சேரவில்லை. இடது கை கொஞ்சம் ஒல்லியாக இருந்தது.

புரட்டிப் பார்த்தாள். மணிக்கட்டுப் பட்டையிலிருந்து முழங்கைக்கு மேல் வரை, கையின் மேல்பக்கமாக நீளமாக ஒரு தையல். சட்டையில் அந்த இடத்தில் தையலே வரக் கூடாது. நேர்த்தியான வேலை. நூல் நிறம்கூட இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது.

அது அவள் தைத்ததில்லை.

வீட்டிலேயே தையல்காரி இருக்க, இந்த மனுஷன் யாரிடம் போய்த் தைத்தார்? ஏன் போனார்? பாபின் சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

வழக்கம்போல அவர் பஸ்தான். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு, அது அவளுடையது என்று ரூட்டில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியில் அவளைப் பார்த்து டிரைவர் லேசாகச் சிரித்தார். தினமும் அந்தச் சிரிப்புக்காகவே ஏறுகிறவள், இன்று பதிலுக்குச் சிரிக்க மறந்துவிட்டாள்.

மணிக்கட்டுப் பட்டன் போடாமல் வாசலைத் தாண்டாத மனுஷன் அவர். கொஞ்ச நாளாக இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல் மடித்து விட்டுக்கொள்கிறார். புழுக்கம் என்றார். யாரோ 'உங்களுக்கு இப்படித்தான் எடுப்பா இருக்கு' என்று சொல்லியிருக்கலாம். பாபின் அவர் பிடரியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். முடி வெட்டி வாரம்கூட ஆகவில்லை. அதுவும் இன்று சந்தேகமாகத்தான் இருந்தது.

கடையில் மிஷினைத் துடைக்கும் முன்பே பிளேடை எடுத்து அந்தத் தையலைப் பிரித்தாள்.

தையல் முடிகிற இடத்தில் எல்லோரும் மிஷினைப் பின்னால் ஒரு ஓட்டு ஓட்டி நிறுத்துவார்கள். இங்கே அப்படி இல்லை. நூலை உள்பக்கம் இழுத்து, கையால் முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சு அவளுக்குத் தெரியும். பக்கத்து மிஷினில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்து, பிறகு டெப்போவுக்கு எதிரே தனிக்கடை போட்ட, 'கத்தரி' என்று பட்டப்பேர் வாங்கியவனின் முடிச்சு.

துணி இரண்டாக விரிந்தது. பாபின் ஓரத்தை விரலால் நீவினாள். கிழியல் இல்லை. கிழிந்தால் துணி நூலோட்டத்தில்தான் போகும். இது வெட்டு. கத்தரிக்கோலால்தான், ஆனால் தையல்காரன் கத்தரிக்கோல் இல்லை. மழுங்கின முனை. சின்னச் சின்னக் கடிகளாக, அவசர அவசரமாக, கீழேயிருந்து மேலே போயிருந்தது.

மேஜையில் கிடக்கிற துணியை யாரும் அப்படி வெட்ட மாட்டார்கள். உள்ளே ஒரு கை இருந்திருக்கிறது.

கடைக்கார அக்கா எட்டிப் பார்த்தாள். யார் சட்டை என்று அவளுக்குத் தெரியாது.

"உடம்புல இருக்கும்போதே வெட்டியிருக்காங்க போல. கழட்டக்கூட நேரமில்ல. என்ன அவசரமோ" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

மற்ற மிஷின்களிலும் சிரிப்பு. பாபின் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை எங்கே ஓடும். ஒரு பேண்ட்டின் இடது காலையும் வலது காலையும் சேர்த்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள். மனசு பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் முன்னால் ஒரு சாயங்காலம் டிரைவர் வீட்டுக்கு வரவில்லை. ஃபோன் அணைந்திருந்தது. சின்னவள்தான் கூப்பிட்டு, "அண்ணன் என்கூடத்தான் இருக்கு, ஒரு வேலையா வந்துச்சு" என்றாள். என்ன வேலை என்று சொல்லவில்லை. மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டுப் படுத்தார். தொட்டால் உடம்பு சுடவில்லை. வாயில் புண் என்று எதையும் மென்று சாப்பிடவில்லை. அண்ணனும் தங்கையும் எதையோ கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு அது பாசமாகத் தெரிந்தது.

எவளோ ஒருத்தி இருக்கிறாள். சின்னவள் அதற்குக் காவல். நம்ம பாபின் நெஞ்சுக்குள் அப்படித்தான் தைத்து முடித்தாள், கெட்டியாகவே.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கத்தரியின் கடைக்குப் போனாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், ஒரு விளக்கு. அவ்வளவுதான் கடை. கத்தரி ஒரு காக்கிப் பேண்ட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தான்.

"வா பாபின். இந்தப் பக்கம் காத்து அடிக்குதே."

அவள் சட்டையை அவன் மடியில் போட்டாள்.

"யாரு குடுத்தா?"

கத்தரி சட்டையைப் பார்த்தான். பிரித்து வைத்திருந்த ஓரத்தைப் பார்த்தான். பிறகு ஜிப்பைப் பார்த்தான்.

"வீட்டுக்காரர்கிட்ட கேளு பாபின்."

"உன்கிட்டதான் கேக்கறேன். உன் முடிச்சு எனக்குத் தெரியாதா? எவ கொண்டுவந்து குடுத்தா?"

"எவளா? ஐயையோ. உன் நாத்தனார்தான் கொண்டாந்தது. அண்ணிக்கு வேலை ஜாஸ்தி, அவங்ககிட்ட சொல்லாதீங்கன்னுச்சு. புதுச் சட்டை கேட்டா டெப்போ ஸ்டோர்ல ஏன் எதுக்குன்னு நோண்டுவாங்க இல்ல, அதான் தைக்கிறாங்கன்னு நான் நினைச்சேன். இந்தத் தடவை நூல் நல்லா அமைஞ்சுது, தெரியாதுன்னு நினைச்சேன். உன் கண்ணுக்குத் தப்புமா."

"வெட்டின துணின்னு உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது." கத்தரி மிஷின் சக்கரத்தைக் கையால் உருட்டினான். "எங்கம்மா கடைசியில ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, அவங்க ஜாக்கெட் கையும் இப்படி வெட்டித்தான் வந்துச்சு. அதுக்கு மேல நான் கேக்கல."

பாபின் சட்டையை எடுத்துக்கொண்டாள். படிக்கட்டைத் தாண்டி வந்த பிறகுதான் அவன் சொன்னது முழுசாக உள்ளே இறங்கியது.

ஜிம் ஆளரவமில்லாமல் இருந்தது. ஒரு பெரியவர் மட்டும் ஓடுகிற மிஷினில் நடந்துகொண்டிருந்தார். பலகைக்குக் கீழே சின்னவள் யாருக்கோ ஃபோனில் சந்தா சலுகை சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி கையில் இருந்ததைப் பார்த்ததும் ஃபோனை வைத்துவிட்டாள்.

"அண்ணி..."

"எந்த ஆஸ்பத்திரி?"

"என்ன அண்ணி, திடீர்னு..."

"எவளோ இருக்கான்னு நினைச்சுக்கிட்டு காலையிலேருந்து வெந்துக்கிட்டிருக்கேன். இப்ப அப்படி இருந்தாலே தேவலைன்னு தோணுது. சொல்லு."

சின்னவள் மேஜையை விட்டு எழுந்தாள். அந்தப் பெரியவருக்குக் கேட்காதபடி அண்ணியை உடை மாற்றும் அறைப் பக்கம் இழுத்துப் போனாள்.

"அன்னைக்கு ஷிஃப்ட் முடிச்சு என்னைக் கூட்டிப் போகத்தான் வந்துச்சு. இங்கதான், இந்தத் தண்ணி மிஷின் பக்கத்துல நின்னுச்சு. திடீர்னு கண்ணு மேல போயி, அப்படியே சாஞ்சு, கையும் காலும் இழுத்துக்கிச்சு. நாக்கைக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். நான் செத்துப் போச்சுன்னே நினைச்சேன். ஆம்புலன்ஸ்ல வந்தவங்கதான் சட்டைக் கையை வெட்டி ஊசி போட்டாங்க."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஃபிட்ஸ்னு சொன்னார்."

தினமும் வாயில் போட்டு மெல்லுகிற வார்த்தை. கூட ஒரு ஒலி ஒட்டிக்கொண்டதும் பாபினுக்கு அதை விழுங்க முடியவில்லை.

"மாத்திரை குடுத்தார். வண்டி ஓட்டக் கூடாதுன்னார்."

"எத்தனை நாளைக்கு?"

"அவரே ஓட்டலாம்னு சொல்ற வரைக்கும். அண்ணன் திரும்பப் போய்க் காட்டவே இல்ல. மாத்திரை ஒழுங்கா போட்டா வராதுன்னு அதுவே சொல்லுது."

"உங்கண்ணன் டாக்டரா?"

சின்னவள் அழ ஆரம்பித்தாள். "உன் அண்ணிகிட்ட சொன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்னு சொல்லிச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

பாபினுக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, அணைக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"இன்னைக்குக் காலையில நான் அந்த வண்டியிலதான் வந்தேன்" என்றாள். "நிக்க இடமில்ல. ஸ்கூல் பிள்ளைங்க படியில தொங்கிக்கிட்டு வந்துச்சுங்க."

சாயங்கால வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருக்கும்போதே டிரைவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். "நல்ல சட்டை, லாக்கர்ல இருந்தது. நாளைக்கு இதைத்தான் போடணும். நானே அயர்ன் பண்ணிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், மேஜையைப் பார்த்து நின்றார்.

அங்கே பிரித்த சட்டை விரித்துக் கிடந்தது. இடது கை, வெட்டினது வெட்டினபடி.

பாபின் வழக்கமாகச் சண்டையை முக்கால் மணி நேரம் முன்னுரையோடு ஆரம்பிப்பவள். இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே டிரைவருக்குப் போதுமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சின்னவ சொன்னாளா?"

"சட்டை சொல்லிச்சு."

"உனக்குத் தெரிஞ்சா பயப்படுவேன்னுதான்..."

"எனக்குப் பயமா இருக்கக் கூடாதுன்னு, என்னையே பின்னால உக்கார வச்சு ஓட்டுனீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்ஃபிட்னு ஒரு தடவை எழுதிட்டா அப்புறம் நான் யாரு? வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க. வண்டி கழுவ விடுவாங்க. நான் ஓட்டுன வண்டியை இன்னொருத்தன் எடுத்துட்டுப் போவான். நான் பக்கெட்டோட நின்னு பாத்துக்கிட்டிருக்கணும். என்னால முடியாது. அதுக்கு அந்த ஃபிட்ஸ்லயே போயிருக்கலாம்."

"வாயைக் கழுவுங்க."

"ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு. உன் மேல சத்தியம். அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. ஒரு தடவை யாருக்கு வேணா வரும். அன்னைக்குச் சரியாத் தூங்கல, சாப்பிடல. ஒரு தடவைக்காக என் கையிலேருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கிடாத."

அவர் அழுது பாபின் பார்த்ததில்லை. அப்பா செத்தபோதுகூட ஓரமாகப் போய் நின்றவர். இப்போது பெண்டாட்டி முன்னால், கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அவள் கரைந்துவிட்டாள். உங்கள் மேல் சத்தியம் என்று ஒருவர் இப்படி உட்கார்ந்தால் நீங்களும் கரைவீர்கள். ஒரு தடவைதானே. மாத்திரை இருக்கிறது. நாளைக்கு டாக்டர் கேட்கும்போது அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்லிவிட்டு, அப்புறம் மெதுவாக இவரை வேறு டாக்டரிடம் இழுத்துப் போகலாம். கொஞ்ச நாள் லீவு போட வைக்கலாம். மனசு எவ்வளவு வேகமாக வழி கண்டுபிடிக்கிறது பாருங்கள்.

"நாளைக்கு நான் வரேன்" என்றாள். என்ன சொல்வேன் என்று சொல்லவில்லை. ஆனால் குரல் இளகியிருந்தது, அவருக்கு அது புரிந்தது. முகத்தைக் கழுவ எழுந்தார்.

"சட்டையைக் குடுங்க. இன்னைக்கு நான் அயர்ன் பண்றேன்."

"வேணாம், நானே..."

"குடுங்கன்னா."

கவரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அயர்ன் பாக்ஸைச் சூடேற்றினாள். நல்ல சட்டைதான். காலர் மடங்காமல் விறைப்பாக இருந்தது. முதுகைத் தேய்த்தாள், வலது கையைத் தேய்த்தாள். இடது கையை விரித்துப் போட்டு, சுருக்கத்தை நீவிவிட உள்ளங்கையை வைத்தாள்.

உள்ளங்கையில் ஒரு கோடு தட்டுப்பட்டது.

மணிக்கட்டுப் பட்டையிலிருந்து முழங்கைக்கு மேல் வரை. கையின் மேல்பக்கமாக. உட்புறம் திருப்பினாள். கையால் போட்ட முடிச்சு. ஆனால் இந்த நூல் சட்டையோடு பொருந்தவில்லை. எத்தனையோ சலவை பார்த்து வெளுத்து, தளர்ந்து கிடந்தது. நேற்றும் இல்லை, போன மாதமும் இல்லை. பழைய தையல்.

இந்தத் தடவை நூல் நல்லா அமைஞ்சுது என்று கத்தரி சொன்னது அவளுக்கு இப்போதுதான் காதில் விழுந்தது.

அயர்ன் பாக்ஸை அணைத்தாள். சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். இன்னும் யூனிஃபார்மை மாற்றவில்லை. இரண்டு கையும் காலையில் பார்த்தபடியே முழங்கைக்கு மேல் மடித்திருந்தது. குழாயில் முகம் கழுவியதில் அந்த மடிப்பெல்லாம் நனைந்திருந்தது. ஆனாலும் அவர் அதை இறக்கவில்லை.

பாபின் நல்ல சட்டையை, மேஜையில் கிடந்த வெட்டுப்பட்ட சட்டைக்குப் பக்கத்தில் விரித்தாள். இடது கையும் இடது கையும் ஒட்டினாற்போல.

அவர் இரண்டையும் பார்த்தார். துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

"ஒரு தடவைன்னு என் மேலதான சத்தியம் பண்ணீங்க?" அவள் குரல் உயரவே இல்லை. மூன்றாவது சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் உடம்பில் இருந்ததை. "அந்தக் கையைக் கொஞ்சம் இறக்கி விடுங்க."

டிரைவர் இறக்கவில்லை. அவருடைய வலது கை தானாகப் போய் இடது கை மடிப்பின் மேல் அழுத்திக்கொண்டது.